பழைய மச்சுப் பலகை கிச்சன் கப்போர்டு கதவுக்கு ஆகுமா? எந்தப் பலகை போடலாம்?

புளியரைவாசி | ஆகஸ்ட் 3, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நமக்குத் தொழில் பள்ளிக்கூடம். சனி, ஞாயிறுல மட்டும் ரம்பம் பிடிக்கிற ஆள்.

கிச்சனுக்குப் பெட்டி எல்லாத்தையும் ப்ளைவுட்ல நானே அடிச்சு நிறுத்திட்டேன். இப்போ கதவு, மொத்தம் 14. பதிமூணு கதவு 30 இஞ்சு உயரம், 16 இஞ்சு அகலம். ஒண்ணு மட்டும் ஆறரை அடி, சாமான் அலமாரிக்கு.

வைகாசியில வெள்ளோட்டமா ஒரு கதவு செஞ்சேன். 18 எம்.எம் ப்ளை, முன்பக்கம் மைக்கா ஒட்டினேன். உள்பக்கத்தை யாரு பாக்கப் போறான்னு ப்ரைமர் மட்டும் அடிச்சு விட்டுட்டேன். சாரல் பிடிச்சு ரெண்டு வாரம்கூட ஆகல, கீழ் மூலை ஒரு நூல் (அரைக்கால் இஞ்சு, 3 எம்.எம் கிட்ட) வெளிய வந்து நிக்குது. "மரைன் ப்ளை வாங்கியிருந்தா வளைஞ்சிருக்காது சார்"ங்கிறார் கடைக்காரர்.

இன்னொரு சங்கதி. பாட்டி வீட்டு மச்சைப் பிரிச்சதுல பலாப் பலகை 11 கிடக்கு. 14 இஞ்சு அகலம், ஒரு இஞ்சு கனம், ஏழடி நீளம். செங்கோட்டை வட்டாரம் 1956 நவம்பர் வரைக்கும் திருவிதாங்கூர், அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சின்னு அந்தப் பக்கம் இருந்ததால இங்க பழைய வீட்டு மரவேலை எல்லாம் மலையாளத்துப் பாணிதான். பலகை தேன் நிறத்துல அப்படி இருக்கு. விறகுக்கு விலை கேட்டுக்கிட்டு ஒருத்தர் வந்தார், எனக்கு வயிறு எரிஞ்சிடுச்சு.

மரைன் ப்ளை வாங்கவா, இந்தப் பலகையை அறுக்கவா?

உளிப்பிடி மார்த்தாண்டம் | ஆகஸ்ட் 3, இரவு 10.25

சார், முதல்ல அந்த வளைஞ்ச கதவு. மரைன்னா பசையில வித்தியாசம். தண்ணியில வெந்தாலும் அடுக்கு பிரியாது, அம்புட்டுதான். நேரா நிக்கும்னு அதுல எவனும் எழுதித் தரல கேட்டியளா. நீங்க ஒரு முகத்தை மைக்கா போட்டு அடைச்சிட்டு மறு முகத்தைத் திறந்து விட்டிய. சாரல் காத்துல உள்பக்கம் ஈரம் குடிச்சு நீளுது, முன்பக்கம் நீள மாட்டேங்குது. அப்போ ஓரம் முன்னாடி வளைஞ்சு வரத்தானே செய்யும். மரைன் போட்டிருந்தாலும் வளைஞ்சிருக்கும், ரூபாய்தான் கூடப் போயிருக்கும்.

ப்ளையில ரெண்டு முகத்துக்கும் ஒரே மாதிரி உடுப்பு போடணும். முன்னாடி 1 எம்.எம் மைக்கான்னா பின்னாடியும் ஒரு மைக்கா, விலை குறைஞ்ச வெள்ளையா இருந்தாலும் போதும். ரெண்டையும் ஒரே நாள்ல ஒட்டி, பாரம் ஏத்தி, சமதரையில படுக்கப் போடுங்க. சுவத்துல சாய்ச்சு வச்சியளோ, அதுவே ஒரு வளைவு தரும்.

பிலாப் பலகைய விறகுக்குக் குடுத்திராதிய. அதுக்கு நாளைக்கு எழுதுதேன், கண்ணு சொக்குது.

கொல்லம் தமிழன் | ஆகஸ்ட் 4, காலை 7.10

புளியரை அண்ணாச்சி, இதுல யோசிக்க என்ன இருக்கு? மச்சுல எத்தனை வருஷம் கிடந்த பலகை! அது இனி வளையவா போகுது? 16 இஞ்சுக்கு ஒரு துண்டு ஒட்டி, பின்னாடி ரெண்டு குறுக்குச் சட்டம் அடிச்சு, கீல் போட்டு மாட்டிடுங்க. எங்க வீட்டு நெல்லுப் பத்தாயத்துக் கதவு அப்படித்தான், இன்னைக்கும் கல்லு மாதிரி.

ஒரு கதை. புனலூர்ல முதல்முறை மரக்கடைக்குப் போனப்ப கடைக்காரர் "நல்ல காதல் உள்ள தேக்கு"ன்னார். வைரம் பாஞ்ச பகுதியை மலையாளத்துல காதல்னுதான் சொல்லுவாங்க. கூட வந்த மச்சினன் வீடு வர்ற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே வந்தான்.

கணக்குவாத்தி பொள்ளாச்சி | ஆகஸ்ட் 4, காலை 11.32

"காய்ஞ்ச மரம் அசையாது" என்பதை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள். பழைய மரத்தில் உள்ள இறுக்கம் தளர்ந்திருக்கும், முறுக்கிக்கொள்வது குறையும், அது உண்மை. ஆனால் காற்றில் ஈரம் ஏறினால் நேற்று அறுத்த பலகையும் உப்பும், நூறு வருஷப் பலகையும் உப்பும். வார்னிஷ் அதைத் தாமதப்படுத்தும், தடுக்காது.

தேக்குக்கு எண் தெரியும் என்பதால் அதை வைத்துச் சொல்கிறேன். பச்சையிலிருந்து ஈரமே இல்லாத நிலைவரை காய்ந்தால், வளைய ரேகையை ஒட்டிய திசையில் சுமார் 5.8 சதவீதம் சுருங்கும். ரேகைக்குக் குறுக்கே, அதாவது நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய திசையில், 2.5 சதவீதம்தான். நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மரத்தின் ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் சுருக்கம் தொடங்கும். ஆகவே 6 சதவீத ஈர மாற்றம் என்றால் மொத்தச் சுருக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

செங்கோட்டையில் ஆடியில் பலகையின் ஈரம் 16, பங்குனியில் 10 என்று வையுங்கள். 12 இஞ்சு, அதாவது 305 எம்.எம் அகலப் பலகை, ரேகை படுத்திருந்தால் 3.5 எம்.எம் மாறும். நிமிர்ந்திருந்தால் 1.5. பலாவும் இந்தக் கணக்கிலிருந்து ரொம்ப விலகாது என்றே எடுத்துக்கொள்ளலாம். பலகையின் முனையைப் பாருங்கள், ரேகை எப்படி நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

பத்தாயத்துக் கதவுக்குச் சுற்றிலும் விரலிடுக்கு இருந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. மாடுலர் கிச்சனில் ரெண்டு கதவுக்கு நடுவே விடுவதே 3 எம்.எம்தான்.

கொல்லம் தமிழன் | ஆகஸ்ட் 4, மதியம் 1.05

வாத்தியார் சொன்னா சரிதான். ஆனா எங்க பத்தாயம் விரலிடுக்கு இல்லாமத்தான் இருக்கு. போட்டோ எடுத்துப் போடட்டா?

உளிப்பிடி மார்த்தாண்டம் | ஆகஸ்ட் 4, இரவு 9.15

போட்டோவ ஆடியில எடுக்கப்பிடாது மக்கா, தை மாசம் எடுத்துப் போடுங்க.

புளியரை சார், உங்களுக்குச் சட்டமும் பேனலும்தான் வழி. நாலு சட்டம், நடுவுல பலகை. பலகை அசையும், சட்டம் அசையாது. சட்டத்து நீளம் அசையாதுல்லா, அதான் கதவோட அளவு மாறாம நிக்கும். நம்ம பாட்டன் பூட்டன் வாசக்கதவு எல்லாம் இந்த ஞாயத்துல நிக்கதுதான்.

கணக்கு பாருங்க. 16 இஞ்சுக் கதவு, சட்டம் ரெண்டேகால் இஞ்சு. ரெண்டு பக்கமும் போனா நடுவுல பதினொண்ணரை. காடிக்குள்ள (சட்டத்து உள்விளிம்புல எடுக்குற பள்ளம்) போறதுக்குச் சேத்து 12 இஞ்சுக்குக் கொஞ்சம் மேல. உங்க பலகை 14 இஞ்சு! ஒட்டே இல்லாம ஒத்தப் பேனல். இன்னைக்கு இந்த அகலத்துல பிலா வாங்கணும்னா மரவாடி மரவாடியா அலையணும்.

ஒரு இஞ்சுக் கனத்தை அப்படியே பேனலா வைக்காதிய, பாரம் கூடிப் போவும். பேண்ட்சா மில்லுல நெடுக்க ரெண்டா வகுந்தா ஆளுக்குப் பதினொண்ணு எம்.எம் கிடைக்கும், இழைச்சு வரும்போ எட்டு. ஓரத்தைப் பின்பக்கமாச் சீவி 6 எம்.எம் ஆக்கிக் காடியில விடுங்க. ஒரு பலகையில நீளவாட்டுல மூணு, வகுந்தா ஆறு பேனல். மூணு பலகையிலேயே பேனல் முடிஞ்சுது. மிச்சத்தை 20 எம்.எம்முக்கு இழைச்சுச் சட்டமா எடுங்க. சட்டத்துக்கு நேர் ரேகை ஓடுற பலகையாப் பொறுக்கணும், கண்ணு விழுந்ததைத் தள்ளி வைங்க. பேனல் கொஞ்சம் கோணினாலும் காடி பிடிச்சு வச்சிரும். சட்டம் திருகிச்சுன்னா கதவே போச்சு.

வகுந்த பலகைய அன்னைக்கே இழைக்கப்பிடாது. உள்ள இருந்த முகம் புதுசாக் காத்தைப் பாக்குது, கிண்ணம் மாதிரி வளையும். இடையில ரீப்பர் குடுத்து அடுக்கி, மேல கல்லு வச்சு ரெண்டு வாரம் விடுங்க.

மில்லுக்குக் கொண்டு போறதுக்கு முன்ன ஆணி. பழைய பலகையில தலை உடைஞ்ச ஆணி உள்ளயே கிடக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூல்ல கட்டி மேல இழுத்துப் பாருங்க. மில்காரன் பிளேடு போச்சுன்னா அடுத்த தடவை வாசல்லயே நிறுத்திருவான்.

பெரும்பாவூர் நைட்ஷிஃப்ட் | ஆகஸ்ட் 5, அதிகாலை 3.50

நான் தேனிப் பக்கம். பெரும்பாவூர்ல ப்ளைவுட் கம்பெனியில வேலை. ஷிஃப்ட் இடைவேளையில எழுதுறேன், பிழை இருந்தா மன்னிக்க.

எல்லாக் கதவுக்கும் பலாவேதான்னு நிக்காதீங்க சார். சிங்க்குக்குக் கீழ, அடுப்புக்குப் பக்கத்துல வர்ற கதவுக்குச் சட்டம் மரமா இருக்கட்டும், பேனல் ப்ளையா இருக்கட்டும். ப்ளை குறுக்கும் நெடுக்குமா அடுக்கி ஒட்டினது, அகலம் அவ்வளவா மாறாது. அதனால ப்ளை பேனலைக் காடியில பசை போட்டே ஒட்டலாம், கதவு கூடுதல் பலமாகும். மரப் பேனலுக்கு அது ஆகாது.

கடையில 4 எம்.எம் டீக் ப்ளை கிடைக்கும், ஒரு முகம் தேக்கு, மறு முகம் சாதா. கதவுக்கு அது ரொம்ப மெலிசு, தட்டினா டப்பா சத்தம் வரும். 6 எம்.எம் வாங்கி மேல வெனீர் (மெல்லிசாச் சீவின மரத் தாள்) ஒட்டுங்க, ரெண்டு பக்கமும். இன்னொண்ணு, 6 எம்.எம்னு விக்கிறது அளந்தா அஞ்சரைதான் இருக்கும். கால் இஞ்சு ரூட்டர் பிட் போட்டா காடி 6.35. பேனல் லொடலொடன்னு ஆடும். கையில இருக்கிற ப்ளையை அளந்துட்டு அப்புறம் காடி எடுங்க.

ப்ளை வாங்கும்போது 710னு (மரைன் ப்ளைக்கான ஐஎஸ் நம்பர்) அடிச்சிருந்தாப் போதும்னு நினைக்காதீங்க. ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழ சிஎம்/எல்னு ஆரம்பிக்கிற லைசென்ஸ் நம்பர் இருக்கணும். அதை பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா கம்பெனி பேர் வரும், சீட்டுல இருக்கிற பேரோட ஒத்துப் பாருங்க. ஐஎஸ் 710க்கு 72 மணி நேரம் கொதிதண்ணிச் சோதனை உண்டு. வீட்டுல அவ்வளவு கேஸ் எரிக்க வேண்டாம். மூணு இஞ்சுத் துண்டைப் பகல் பூரா வேக வச்சாலே மோசமான பசை வாயைப் பிளந்துரும்.

ஓரத்தையும் பாருங்க. கறுப்பா ஓட்டை தெரிஞ்சா உள்ள கோர்ல இடைவெளி. கீல் துளை அந்த இடத்துல விழுந்தா ஸ்க்ரூ பிடிக்காது. இதை நான் சொல்லக்கூடாது, சொல்லிட்டேன்.

அடுக்களை அக்கா தென்காசி | ஆகஸ்ட் 5, மதியம் 2.30

ஆம்பிளைங்க எல்லாம் செய்யறதைப் பத்தியே பேசுதிய. துடைக்கிறது யாரு?

எங்க வீட்டுல நடுவுல மேடு தட்டி, ஓரத்துல சரிவும் சாலும் வச்ச பேனல் கதவு போட்டிருக்கு. பாக்க அரண்மனைதான். மூணு வருஷத்துல அந்தச் சால் பூரா தாளிச்ச எண்ணெயும் தூசியும் சேந்து பிசினாப் போச்சு. பல் தேய்க்கிற பிரஷ் வச்சு நோண்டுதேன். தம்பி, நீங்க என்ன மரம் வேணா போடுங்க, பேனல் தட்டையா இருக்கட்டும். சட்டத்தோட உள்விளிம்பையும் லேசா மழிச்சு விடுங்க, துணி சுகமா ஓடும். அடுப்பை ஒட்டி வர்ற கதவுக்குச் சட்டமே வேண்டாம், ஒரே பலகையா மைக்கா போட்டிருங்க.

கொடியிறக்கம் 77 | ஆகஸ்ட் 5, மாலை 6.12

இந்தக் காலத்துல போய் மரம், காடின்னு. டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) போட்டா கரையானும் இல்ல, தண்ணியும் இல்ல, அசைவும் இல்ல. அலுமினியம் இன்னும் நல்லது. மரம் வெட்டறவங்க திருந்துங்க.

கணக்குவாத்தி பொள்ளாச்சி | ஆகஸ்ட் 5, மாலை 6.40

டபிள்யூபிசி வெயிலில் நீளும், அகலமான கதவு தொய்வதும் உண்டு. மேலும் இங்கே யாரும் மரம் வெட்டவில்லை, மச்சுதான் பிரித்திருக்கிறார்கள். அலுமினியத்துக்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து சண்டை போடுகிறேன்.

புளியரைவாசி | ஆகஸ்ட் 6, இரவு 8.55

இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நினைக்கல. முடிவு சொல்றேன். மேல் கதவு ஏழும் பலாச் சட்டம், பலாப் பேனல். கீழ இருக்கிறதுல நாலுக்குச் சட்டம் பலா, பேனல் ப்ளை. அக்கா சொன்ன மாதிரி அடுப்பை ஒட்டி வர்ற ரெண்டு மட்டும் ரெண்டு முகமும் மைக்கா.

மூணு சந்தேகம். ஒண்ணு, ஆறரை அடிக் கதவு. ரெண்டு, பேனலுக்குக் காடியில எவ்வளவு இடைவெளி விடணும்? மூணு, சட்டத்துக்குப் பலா பத்தலேன்னா வேற என்ன மரம்? ரப்பர் மரம் மலிவாச் சொல்றாங்க.

உளிப்பிடி மார்த்தாண்டம் | ஆகஸ்ட் 6, இரவு 10.02

மூணாவதுக்கு முதல்ல. ரப்பர் மரத்துல மாவுச்சத்து ஜாஸ்தி, வண்டு விழும். அறுத்த சூட்டோட போரிக் மருந்தை அழுத்தி ஏத்தினதுன்னா வாங்குங்க, சும்மா தோட்டத்துல வெட்டிக் காய வச்சதுன்னா கதவுக்கடியில வெள்ளை வெள்ளையா மாவு கொட்டும். எங்க ஊருக்காரன் கண்ணுக்கு அயனிதான் பிலாவுக்குத் தம்பி, ஒரே சாதி மரம். ஓணத்துக்கு ஓடுற சுண்டன் வள்ளம் அயனியில செய்யதுதான், தண்ணிக்கு அஞ்சாது. நிறமும் சேந்து போவும். எதை எடுத்தாலும் வெள்ளைப் பகுதியைக் கழிச்சிருங்க, பிலாவுலயும் வண்டு முதல்ல வெள்ளையத்தான் தின்னும். புனலூர்ல தேக்கு மலிவுன்னு வண்டியில ஏத்திட்டு வந்தியன்னா பாஸ் வேணும் பாத்துக்கிடுங்க, புளியரை செக்போஸ்ட் உங்க வீட்டு வாசல்லதான் இருக்கு.

ஆறரை அடிக்கு, சட்டமும் பேனலும்னா நடுவுல ஒரு குறுக்குச் சட்டம் குடுத்து ரெண்டு பேனலாப் பிரிங்க. இல்லேன்னா பிளாக்போர்டு, பள்ளிக்கூடக் கரும்பலகை இல்ல, உள்ள கட்டை அடுக்கி ஒட்டின பலகை. நீளக் கதவுக்கு ப்ளையை விட பிளாக்போர்டு நேரா நிக்கும், உள்ள நீளவாட்டுல கட்டை ஓடுதுல்லா. கதவு நீளமும் கட்டை ஓடுற திசையும் ஒண்ணா இருக்கணும், தப்பாக் குறுக்க அறுத்துராதிய. கீல் நாலு போடுங்க.

இடைவெளிதான் பெரிய சங்கதி. பலபேரு இதுலதான் தலைகீழாச் செய்வான். இப்போ ஆடி. பலகை ஊதி நிக்குது, இதுக்கு மேல பெருசா ஆவாது. அப்போ பக்கத்துக்கு 1 எம்.எம் விட்டாப் போதும். ஆனா பங்குனியில சுருங்கும்போ காடியை விட்டு வெளிய வந்திரப்பிடாது. அதுனால காடி 10 எம்.எம் ஆழம், பேனல் 9 உள்ள. இதையே நீங்க பங்குனியில செஞ்சிருந்தா பக்கத்துக்கு ரெண்டரையாவது விட்டிருக்கணும், இல்லேன்னா அடுத்த ஆடியில சட்டத்து மூட்டையே தள்ளித் திறந்திரும்.

பேனலுக்குப் பாலிஷ் முழுசா அடிச்சு முடிச்சிட்டு மாட்டுங்க. மாட்டினதுக்கு அப்புறம் அடிச்சா, சுருங்கும்போ ஓரத்துல வெளுப்பா ஒரு கோடு தெரியும். சைக்கிள் ட்யூபை வெட்டி ரெண்டு பக்கக் காடியிலயும் துண்டு துண்டா வைங்க, பேனல் ஆடாது, அசையவும் விடும். பேனலோட மேல நடுவுல, கீழ நடுவுல ஒரு சொட்டுப் பசை. வேற எங்கயும் பசை படப்பிடாது. திரும்பச் சொல்லுதேன், எங்கயும் படப்பிடாது.

பெரும்பாவூர் நைட்ஷிஃப்ட் | ஆகஸ்ட் 7, அதிகாலை 4.05

கீல் பத்தி ஒரு வரி. ஆட்டோ ஹிஞ்சுக்கு 35 எம்.எம் துளை, ஆழம் 12 கிட்ட வரும். சட்டம் 20 எம்.எம் கனம், ரெண்டேகால் இஞ்சு அகலம்னா தாராளம். ஆனா உள்பக்கக் காடிக்கும் கீல் துளைக்கும் நடுவுல மரம் மிச்சம் இருக்கணும், அளந்துட்டுத் துளை போடுங்க.

புளியரைவாசி | செப்டம்பர் 21, மாலை 5.20

காந்தம் வச்சு இழுத்ததுல 23 ஆணி. மில்காரர் அதுக்கப்புறமும் ஒண்ணைக் கண்டுபிடிச்சார், நல்லவேளை பிளேடு தப்பிச்சது. வகுந்து பிரிச்சதும் உள்முகம் மஞ்சளா, மஞ்சக்கிழங்கை நறுக்கின மாதிரி. நாலு நாள் வெளிச்சத்துல கிடந்ததுக்கே தேன் நிறத்துக்கு மாற ஆரம்பிச்சிடுச்சு. வீணையும் மிருதங்கமும் பலாவுல ஏன் செய்யறாங்கன்னு தட்டிப் பாத்தாலே தெரியுது. கதவு தட்டினா கணீர்னு கேக்குது.

மேல் கதவு ஏழும் மாட்டியாச்சு. வாத்தியாருக்காக ஒரு வேலை செஞ்சிருக்கேன். 14 இஞ்சு முழு அகலத்துல ஒரு துண்டை அறுத்து ஆகஸ்ட் 10ஆம் தேதி அளந்து, 356 எம்.எம்னு பென்சில்ல எழுதி, கிச்சன் சுவத்துல ஆணியில தொங்க விட்டிருக்கேன். பங்குனியில மறுபடி அளக்கிறேன்.

கொல்லம் தமிழன் | செப்டம்பர் 21, இரவு 8.00

ஒரு எம்.எம் கூடக் குறையாது. பந்தயம் ஒரு கிலோ செங்கோட்டை பார்டர் சிப்ஸ்.

புளியரைவாசி | மார்ச் 24, இரவு 9.10

அளந்தேன். 352.

கொல்லம் தமிழன் | மார்ச் 24, இரவு 9.31

டேப் பழசா இருக்கும்.

சரி, சரி. பத்தாயத்தையும் போன வாரம் பாத்தேன். கதவிடுக்குல ஒத்த ரூபாய்க் காசு போகுது. சிப்ஸ் நேந்திரமா, மரச்சீனியா?

புளியரைவாசி | மார்ச் 24, இரவு 9.50

நேந்திரம். ஆனா எனக்கும் ஒரு தண்டனை கிடைச்சிருக்கு. ஏழுல ஆறு கதவு அருமையா நிக்குது, பேனல் ஓரத்துல கோடுகூடத் தெரியல. ஏழாவது, நான் முதல்ல மாட்டினது, தை மாசம் ஒரு ராத்திரி பட்டாசு மாதிரி சத்தம். காலையில பாத்தா கீழிருந்து ஆறு இஞ்சுக்குப் பேனல்ல பிளவு, நடுவுல ஒரு நூலுக்குக் கொஞ்சம் குறைவா வாய் திறந்திருக்கு. கழட்டிப் பாத்தேன். கீழ் மூலை ரெண்டுலயும் மூட்டுல வச்ச பசை பிதுங்கிக் காடிக்குள்ள ஓடி, பேனலைப் பிடிச்சிருக்கு. அண்ணாச்சி ரெண்டு தடவை கூடாதுன்னு சொன்னதைத்தான் செஞ்சிருக்கேன். மரத்தூளும் பசையும் குழைச்சுப் பிளவை அடைக்கட்டா?

உளிப்பிடி மார்த்தாண்டம் | மார்ச் 24, இரவு 10.30

அடைக்காதிய! இப்போ திறந்து கிடக்க வாயில தூளை அடைச்சா, ஆடியில பலகை ஊதும்போ மூட இடமில்லாம வேற பக்கம் கிழிக்கும். மெல்லிசா ஒரு ஹாக்சா பிளேடைக் காடி இடுக்குல விட்டு, ரெண்டு மூலையிலயும் அந்தப் பசைய அறுத்து விடுங்க. பேனல் விடுபட்டிரும். அப்புறம் கை வைக்காம விட்டிருங்க. சாரல் விழுந்து ஒரு மாசம் போனா பிளவு வாய் மூடிக்கிடும். மூடினதும் உள்ள பசை விட்டு, கயிறு சுத்தி இறுக்கி ஒரு நாள் வைங்க. ரேகைக்குள்ள போயிரும், தேடினாத்தான் தெரியும்.

அடுக்களை அக்கா தென்காசி | மார்ச் 25, காலை 10.15

அது வரைக்கும் அந்தக் கதவை ஃப்ரிட்ஜுக்கு மேல மாட்டி வைங்க தம்பி. அங்க யாரும் பாக்க மாட்டாங்க.

புளியரைவாசி | மார்ச் 25, இரவு 7.45

அங்கதான்க்கா மாட்டியிருக்கேன். பசைய அறுத்து விட்டாச்சு. ஆடிக்கு அளந்து எழுதுறேன்.